மீன்வால் தகடு: ஒரு தோட்டத்து லேண்ட் ரோவரின் வரலாறு

சித்தப்பா மகன் போன வருடம் ஒரு லேண்ட் ரோவர் வாங்கினான். 109 அங்குல சீரீஸ் டூ ஏ. உலு திராமிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்தில், பழைய பட்டறைக்குப் பின்னால் கொட்டகையில் பல வருடமாகக் கிடந்த வண்டி. அந்தப் பட்டறையில்தான் எங்கள் தாத்தா முப்பது வருடத்துக்கு மேல் வெல்டராக வேலை பார்த்தார். தம்பிக்கு அந்த ஞாபகமெல்லாம் பெரிதில்லை. அவனுக்குத் தேவை ஒரு பழைய லேண்ட் ரோவர், அதில் ஒரு இசுசு 2.8 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின், வார இறுதியில் சேற்றில் இறங்க ஒரு காட்டுச் சடக்கு.

நான் ஸ்கூடாயில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவன். "அண்ணே, பின்னாடி சேசிஸ் தாங்குமான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டான். ஒரு சனிக்கிழமை காலை டார்ச் லைட்டும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

பின் ஆக்ஸிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடத்திலும், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களிலும் ஆறு தகடுகள் வெல்டிங் செய்து ஒட்டப்பட்டிருந்தன. நான்கு தகடுகளின் முனை மீன்வால் போல வெட்டியிருந்தது. இரண்டு தகடுகள் சதுரம், நேராக வெட்டி நேராகப் பத்தவைத்தது. அந்தச் சதுரத் தகடுகளின் ஓரத்தில்தான் விரிசல் ஓடியிருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: "சதுரத் தகடு: பழைய தோட்டத்து வேலை. மீன்வால் தகடு: பிற்காலத்தில் பயிற்சி பெற்ற யாரோ செய்தது."

இந்தக் கட்டுரை அந்தக் குறிப்பில் இருந்த தவறைப் பற்றியது. ஆனால் அதற்கு முன்னால் இந்த வண்டி எப்படி நம் தோட்டங்களுக்குள் வந்தது, யார் யார் இதன்மேல் என்னென்ன எடையை வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

1

லேண்ட் ரோவர் ஒரு பஞ்ச காலத்துப் பிள்ளை. இரண்டாம் உலகப் போர் முடிந்து பிரிட்டனில் இரும்புக்குக் கடும் தட்டுப்பாடு. ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் நிலத்தில் போரில் மிஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பதிலாக நாமே ஒன்று செய்தால் என்ன என்ற யோசனையில் பிறந்த வண்டி இது. 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது.

உடம்புக்கு அலுமினியக் கலவைத் தகடு. காரணம் நவீனமோ அழகோ இல்லை, இரும்பு கிடைக்கவில்லை. சேசிஸுக்கு மட்டும் இரும்பு. பெரிய அச்சு இயந்திரங்களுக்குச் செலவழிக்க மனமில்லாததால் நான்கு தட்டைப் பட்டைகளை வெட்டி, ஓரங்களில் வெல்டிங் செய்து பெட்டி வடிவில் சட்டம் ஆக்கினார்கள். அப்படி இரண்டு நீளச் சட்டம், இடையிடையே குறுக்குச் சட்டம். ஏணியைப் படுக்கப்போட்டது மாதிரி.

இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, வெல்டிங்கில் பிறந்த சேசிஸ் என்பதால் வெல்டிங்கிலேயே அதைப் பழுது பார்க்கலாம். ஒரு மின் வெல்டிங் செட்டும் கைத்திறனும் இருந்தால் போதும். இரண்டாவது, பெட்டியின் உள்ளே போன சேறும் தண்ணீரும் லேசில் வெளியே வராது. விற்பனைக்கு முன்னால் சோதனைக்காகச் செய்த முதல் வண்டிகளின் சேசிஸுக்குத் துத்தநாகம் பூசியிருந்தார்கள். விற்பனைக்கு வந்தபோது அதைக் கைவிட்டுப் பெயிண்ட் மட்டும் அடித்தார்கள். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஜொகூரில் அந்தச் சிக்கனத்தின் விலை என்னவென்று நம் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும்.

முதல் வண்டியின் எஞ்சின் 1.6 லிட்டர், 50 குதிரைத்திறன். வண்டியின் எடை ஏறக்குறைய 1.2 டன். அதில் ஏற்றக்கூடிய சுமை அரை டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. வேலி முளைகளும் பால் கேன்களும் ஏற்றும் பிரிட்டிஷ் விவசாயியை நினைத்துப் போட்ட கணக்கு அது.

2

வண்டி அறிமுகமாகி ஏழு வாரம் ஆவதற்குள், 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத்துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை நீடித்தது. தோட்டத்துத் தமிழர்களுக்கு அது காட்டுக்குள் நடந்த போர் மட்டும் இல்லை. தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். லேண்ட் ரோவர் இந்த நாட்டுக்குள் பழகியது இந்தப் பன்னிரண்டு வருடங்களில்தான். போலீஸ், ராணுவம், துரைமார் என்று மூவரும் ஓட்டினார்கள்.

முதல் கூடுதல் எடை அப்போதே வந்துவிட்டது. பதுங்கித் தாக்குவதற்குப் பயந்த துரைமார்கள் தங்கள் கார்களின் கதவிலும் பின்புறத்திலும் இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டர் 6 மில்லிமீட்டர் தகட்டின் எடை 47 கிலோ. சின்ன வண்டிக்கு ஆறு சதுர மீட்டர் அடித்தால் 280 கிலோ. அதாவது அந்த முதல் லேண்ட் ரோவர் சுமக்கக்கூடிய எடையில் பாதிக்கு மேல் தகடே தின்றுவிடும். அதற்கப்புறம்தான் துரை, துப்பாக்கி, காவலுக்கு வரும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், சம்பளப் பெட்டி. ஸ்பிரிங் படுக்கும், பிரேக் பிடிக்காது, சேசிஸ் விரியும். அதையெல்லாம் சரி செய்தவர்கள் தோட்டத்துப் பட்டறையில் இருந்தார்கள்.

தகடு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1951 அக்டோபர் 6 அன்று பிரேசர் மலைக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டதை வரலாற்றுப் புத்தகங்கள் விரிவாகச் சொல்கின்றன. அவர் வந்தது ரோல்ஸ் ராய்ஸில். முன்னால் பாதுகாப்புக்குப் போன மலாய்ப் போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தது கூரையோ தகடோ இல்லாத ஒரு லேண்ட் ரோவரின் பின்பக்கத்தில்.

1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் குடியிருந்த ஏறக்குறைய 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். உலு திராமிலும் அப்படி ஒரு கம்போங் பாரு உண்டு. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் ஒரே இடத்துக்கு இழுத்து வரப்பட்டு வேலி போடப்பட்டன. தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "மரம் வெட்டப் போறவங்க சோத்தக்கூட எடுத்துட்டுப் போக முடியாது ஐயா. கேட்டுல நிப்பாட்டித் தடவிப் பார்ப்பான். பொம்பளைங்களையும்தான். பக்கத்துல லேன் ரோவர் நிக்கும்" என்பார். அவர் அந்த வண்டியை முதலில் பார்த்தது அந்த கேட்டில்தான்.

கோத்தா திங்கிப் பக்கம் பிரிட்டிஷ் ராணுவம் காட்டுப்போர்ப் பள்ளி ஒன்றை நடத்தியது. பிரிட்டிஷ் படைகள் இந்த வட்டாரத்தை விட்டுப் போன காலத்தில் அது மலேசிய ராணுவத்தின் கைக்கு வந்தது. இன்றைக்கு உலு திராம் சாலையில் போகிறவர்கள் புலாடா என்று அறிந்திருக்கும் பயிற்சி மையம் அதுதான். ராணுவ லேண்ட் ரோவர்கள் இந்தச் சாலையில் தினமும் ஓடின. அவற்றின் உதிரி பாகங்களும் பழுது பார்க்கும் பழக்கமும் மெல்ல வெளியே பரவின.

3

மலாயாவுக்கு வந்த லேண்ட் ரோவர்களில் உலகப் புகழ் பெற்றவை இரண்டு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச் மாதம் சிங்கப்பூரை அடைந்தார்கள். சாலை வழியாக இவ்வளவு தூரம் வந்ததைப் பற்றிப் புத்தகம் வந்தது, படம் வந்தது. அந்த இரண்டு வண்டிகளின் பதிவு எண்களைக்கூட மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஜொகூர் பாலத்தைத் தாண்டித்தான் அவர்கள் போயிருக்க வேண்டும்.

நான் அந்தப் பயணத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. பெரிய சாதனைதான். ஆனால் ஆறு மாதம் ஓடிய இரண்டு வண்டிகளைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. அதே வண்டியை முப்பது வருடம், ஒரே தோட்டத்துச் செம்மண் சடக்கில் நாளைக்குப் பத்து நடை ஓட்டிய டிரைவர்களையும், அதை ஓட வைத்த மெக்கானிக்குகளையும் பற்றி என்ன தெரிகிறது? துரைமார்களின் சங்கம் 1919-இல் தொடங்கியது. அவர்களுடைய 'தி பிளாண்டர்' இதழ் நூறு வருடத்தைத் தாண்டி வருகிறது. உரம், நோய், விலை, துரைமார்களின் அனுபவம் எல்லாம் எழுத்தில் இருக்கிறது. நம் இலக்கியத்திலும் பால்மரம் வெட்டியவர்கள், கங்காணி, கிராணி எல்லாரும் வந்துவிட்டார்கள். பட்டறைக்காரர்கள் அநேகமாக வரவில்லை. கறுப்புக் கண்ணாடியும் எண்ணெய்ச் சட்டையுமாக ஒரு ஓரத்தில் நின்றவர்கள்.

அவர்கள் எழுதி வைத்தது ஒன்றே ஒன்றுதான். வண்டிக்கு அடியில் இருக்கிறது.

4

சித்தப்பா மகன் வாங்கிய சீரீஸ் டூ ஏ 1961 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட வகை. 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 77 குதிரைத்திறன். 109 அங்குல வண்டியை பிரிட்டிஷ் ராணுவம் முக்கால் டன் வண்டி என்று வகைப்படுத்தியது. இந்த வண்டி தோட்டத்துக்கு வந்த காலத்தில் ஜொகூரில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து செம்பனை நடும் வேலை வேகமாக நடந்துகொண்டிருந்தது. பயிர் மாறியதும் எடையும் மாறியது.

ஒரு செம்பனைக் குலை 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரை இருக்கும். சராசரியாக 20 கிலோ என்று வைத்தால், நாற்பது குலையிலேயே முக்கால் டன் கணக்கு முடிந்துவிடும். ஆனால் மழை வரப்போகிறது, பழம் இன்றைக்கே ஆலைக்குப் போகவேண்டும், டிராக்டர் சேற்றில் மாட்டிக்கொண்டது என்றால் யார் நாற்பதோடு நிறுத்துவார்கள்? அறுபது குலை, அதன்மேல் இரண்டு ஆள். பின்னால் ஒரு டிரெய்லரையும் மாட்டுவார்கள்.

இங்கேதான் பின் சேசிஸ் பிரச்சினை வருகிறது. பின் ஆக்ஸிலுக்கு இடம் விட்டு சேசிஸ் அந்த இடத்தில் மேலே வளைகிறது. ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கும் எடை ஒரு நெம்புகோல் மாதிரி அந்த வளைவை அழுத்துகிறது. பாரம் ஏற்றிய சட்டம் வளையும்போது அதன் மேல்பரப்பும் அடிப்பரப்பும்தான் அதிக இழுவையையும் அமுக்கத்தையும் தாங்குகின்றன. பக்கச் சுவரின் நடுப்பகுதிக்கு வேலை குறைவு. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி இன்னொன்று இறங்கும்போது வளைவதோடு முறுக்கும் சேர்கிறது. உள்ளேயிருந்து துருப்பிடித்து மெலிந்துபோன பெட்டிக்கு அது அதிகம்.

பட்டறையில் என்ன செய்வார்கள்? மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்வார்கள். பார்த்தால் எளிய வேலை. ஆனால் தகடு முடிகிற இடம்தான் ஆபத்து. தகடு இருக்கும் பகுதி விறைப்பாகிவிடுகிறது, அடுத்த அங்குலம் பழையபடி மெலிசு. வளைய வேண்டியதெல்லாம் அந்தக் கோட்டில் வளையப் பார்க்கும். தகட்டைச் சதுரமாக வெட்டி, சட்டத்துக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வெல்டிங் அடித்தால், வெல்டிங் சூட்டில் பலவீனமான இரும்பும் அதே கோட்டில் அமையும். சில வருடத்தில் அங்கே விரிசல் விழும். அதனால் முனையை மீன்வால் போலவோ வைர வடிவத்திலோ சரித்து வெட்டவேண்டும். விறைப்பு திடீரென்று மாறாமல் படிப்படியாகக் குறையும். மேலும் கீழும் உள்ள பரப்புகளில் குறுக்கே வெல்டிங் வைக்கக்கூடாது. பழைய விரிசலின் நுனியில் ஒரு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டுத்தான் தகடு வைக்கவேண்டும்.

இதையெல்லாம் நான் மூன்றாம் வருடம் பொருட்களின் வலிமைப் பாடத்தில் படித்தேன். பரீட்சைக்கு வந்தது; எழுதினேன்.

தம்பி கேட்ட கேள்விக்கும் இங்கேயே பதில் உண்டு. எஞ்சின் முன்னால்தானே இருக்கிறது, கனமான எஞ்சின் வைத்தால் பின்னால் ஏன் உடையவேண்டும்? எஞ்சினின் எடை முன்னால் நின்றுவிடும், அதன் முறுக்குவிசை நிற்காது. தாழ் கியரில் பல மடங்கு பெருகி பின் ஆக்ஸிலுக்குப் போகும். ஆக்ஸில் தன்னைத்தானே திருகிக்கொண்டு ஸ்பிரிங்கை மடக்கப் பார்க்கும். ஸ்பிரிங் தன் இரண்டு முனைகளிலும் சேசிஸை இழுக்கும். பழைய லேண்ட் ரோவரில் முதலில் உடைவது ஆக்ஸில் ஷாஃப்ட் என்பது எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். அதை மாற்றிக் கனமான ஆக்ஸில் போட்டால் அடுத்த பலவீனமான இடத்துக்கு உடைசல் போகும். ஓர் இடத்தைப் பலப்படுத்துவது என்றால் உடையும் இடத்தை மாற்றி வைப்பது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் இது தெரிந்திருந்தது. 1968-இல் எஸ்.ஏ.எஸ். படைக்காக 72 லேண்ட் ரோவர்களைப் பாலைவனத்துக்கு ஏற்றபடி மாற்றியபோது கேம்பிரிட்ஜில் இருந்த மார்ஷல் நிறுவனம் ஸ்பிரிங்கையும் சேசிஸையும் சேர்த்தே பலப்படுத்தியது. இளஞ்சிவப்பு வண்ணத்தால் 'பிங்க் பேந்தர்' என்று பேர் வாங்கிய அந்த வண்டிகளைப் பற்றிப் புத்தகங்களும் பொம்மைகளும் உண்டு. அதே வேலையை அதே காலத்தில் உலு திராமில் ஒரு வெல்டர் செய்துகொண்டிருந்தார். பேர் கிடையாது.

5

தோட்டத்தைத் தாண்டி மரக்காட்டுக்குப் போனால் இந்தக் கலையின் உச்சத்தைப் பார்க்கலாம். மலாய்க்காரர்கள் லோரி ஹந்து என்பார்கள், சீனர்கள் சான் தாய் வோங், அதாவது மலையின் ராஜா. போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன ஆஸ்டின், பெட்ஃபோர்ட், ஏ.இ.சி. மெட்டடோர் மாதிரியான லாரிகளை வாங்கி, சேசிஸுக்குள் இன்னொரு சேசிஸ் வைத்து, காலப்போக்கில் ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்தி, பின்னால் வின்ச் கட்டி மரக்கட்டை இழுக்க விட்டார்கள். கதவு இருக்காது, பல வண்டிகளில் கூரையும் இருக்காது. வண்டி சரிந்தால் குதிக்கவேண்டும். எஞ்சின் ஒரு நாட்டுது, கியர்பாக்ஸ் ஒரு நாட்டுது, சேசிஸ் பட்டறைக்காரர் கையால் செய்தது. எந்தப் பொறியியல் கல்லூரியிலும் வரையாத வடிவமைப்பு. அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடியிருக்கிறது.

இப்போது இதே அறிவு பொழுதுபோக்காக மாறிவிட்டது. 1997-இல் மலேசியாவில் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி தொடங்கியபின் பலருக்கும் ஃபோர் வீல் டிரைவ் மோகம் பிடித்தது. சேற்றில் மாட்டுவதற்காகவே பணம் செலவழிக்கும் தலைமுறை வந்தது. தம்பி அந்தத் தலைமுறை. தாத்தாவுக்கு இது புரியவே இல்லை. "சேத்துல மாட்டாம இருக்கத்தானே ஐயா நாங்க அவ்ளோ பாடுபட்டோம்?"

6

தாத்தாவுக்கு இப்போது எண்பத்தாறு. காது மந்தம், கண்ணில் வெல்டிங் வெளிச்சம் விட்டுப்போன கோளாறு. தோட்டத்து வீட்டை விட்டு வந்து பல வருடமாக உலு திராம் தாமானில் எங்களோடு இருக்கிறார். தகடுகளைப் போனில் படம் எடுத்துவந்து பெரிதாக்கிக் காட்டினேன்.

மீன்வால் தகட்டைப் பார்த்ததும், "இது நான் அடிச்சது" என்றார். சந்தேகமே இல்லாமல்.

அடுத்து விரிசல் விட்ட சதுரத் தகடு. இது வேறு யாரோ செய்த வேலை என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுவும் நான்தான். மொத அடிச்சது."

பிறகு சொன்னார். வண்டி வந்து சில வருடத்தில் முதல் விரிசல். அப்போது அவருக்குத் தெரிந்தபடி சதுரமாக வெட்டி ஒட்டிவிட்டார். ஒரு நாள் குலை ஏற்றிக்கொண்டு வரும்போது மறுபக்கத்தில் தகட்டின் ஓரத்திலேயே சேசிஸ் பிளந்தது. வண்டி பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. மேலே உட்கார்ந்து வந்த ஆள் குலைகளோடு விழுந்து கால் எலும்பு முறிந்துபோனது. யாரும் தாத்தாவைக் கேட்கவில்லை. வண்டி பழசு என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆனால் அவர் உடைந்த துண்டைப் பட்டறை மேசையில் வைத்துப் பல நாள் பார்த்திருக்கிறார். "தகடு ஒடையல. வெல்டிங்கும் ஒடையல. தகடு முடியிற எடத்துல கத்தியால அறுத்த மாதிரி போயிருந்திச்சு. அப்பறம்தான் முனைய சரிச்சு வெட்டணும்னு தெரிஞ்சிச்சு. யாரும் சொல்லித் தரல."

அந்தப் பக்கம் முழுவதையும் வெட்டியெடுத்துப் புதிதாகச் செய்தார். அங்கேதான் மீன்வால் தகடுகள். இந்தப் பக்கத்துச் சதுரத் தகடுகளையும் மாற்றவேண்டும் என்று கேட்டிருக்கிறார். வண்டி ஓடுகிறதல்லவா, விடு என்று சொல்லிவிட்டார்கள்.

நான் நோட்டில் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல வேலை என்றால் அது படித்தவன் செய்தது, மோசமான வேலை என்றால் அது தோட்டத்துக்காரன் செய்தது. எனக்குத் தெரியாமலேயே அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன். அதுவும் என் தாத்தாவின் வேலையைப் பார்த்து. அவர் ஒரு மனிதனின் கால் முறிந்த விலையில் கற்றுக்கொண்டதை, எனக்கு ஒரு பாடப்புத்தகத்தில் வரைபடமாகக் கொடுத்தார்கள். அந்த வரைபடத்தின் பின்னாலும் எங்கோ யாரோ உடைந்த துண்டை மேசையில் வைத்துப் பார்த்திருக்கத்தான் வேண்டும்.

தம்பிக்கு என் முடிவைச் சொல்லிவிட்டேன். பின் சேசிஸ் தாங்காது. விரிசல் ஒரு பக்கம்தான், ஆனால் சுத்தியலால் தட்டினால் இரண்டு பக்கமும் துரு உதிர்கிறது. ஆறு தகடுகளோடு பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, துத்தநாகம் பூசிய புதுப் பின்பாதியை வைக்கவேண்டும். எஞ்சின் மாற்றுவது என்றால் ஜேபிஜே அனுமதியும் புஸ்பாகோம் சோதனையும் வேண்டும். அதுவரை 2.25 பெட்ரோல் எஞ்சினே போதும் என்றேன். அவன் இசுசு எஞ்சினை இன்னும் விட்டுவிடவில்லை.

தாத்தாவின் தகடுகளை வெட்டவேண்டும் என்று சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. அவருக்கு இல்லை. "துருப்புடிச்ச இரும்ப வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவ? ஆளு ஏறுற வண்டி. வெட்டு" என்றார்.

வெட்டினோம். தகடுகள் ஆறும் இப்போது என் அறையில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர், எதற்குப் பிறகு எது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வருடம் அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சதுரத் தகட்டில் எழுதும்போது, கால் முறிந்தவருடைய பேரையும் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.